மிதிச்சா ஒட்டணும், விழுந்தா விடணும்

(இந்த வாரம் திற்பரப்பு வட்டாரத்திலிருந்து வந்த பெடல் கேள்விகள் மட்டும்)

கே: அண்ணாச்சி, மேட்டிலிருந்து சைக்கிளில் வேகமாக இறங்க ஃபிளாட் பெடல் நல்லதா, ஷூவோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடல் நல்லதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
*– வாசகர், திற்பரப்பு*

ப: ஃபிளாட்.

கே: ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி? காரணம் சொல்ல வேண்டாமா?
*– அதே வாசகர், திற்பரப்பு*

ப: கேட்டது நீங்கள்தானே தம்பி! சரி, கேளுங்கள்.

கிளிப்லெஸ் ஷூவின் அடியில் இரண்டு போல்ட் போட்டு முடுக்கிய சின்ன இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். கிளீட் என்பார்கள். அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். வெளியே வரக் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். காய்ந்த தரையில், பழகிய காலுக்கு, இது கண் சிமிட்டுகிற நேரத்து வேலை.

ஆனால் நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ரப்பர் தோட்டத்துச் செம்மண் நனைந்தால் ஷூ அடியில் அப்பம் மாதிரி அப்பும். வளைவில் ஒரு காலை எடுத்து ஊன்றிவிட்டுத் திரும்ப வைத்தால், பூட்டுகிற ‘டக்’ சத்தம் வராது. பூட்டாத காலைக்கூட நம்பலாம். பாதி பூட்டிய காலை நம்பக்கூடாது. மாட்டிவிட்டது என்ற தைரியத்தில் இறங்குவீர்கள், முதல் வேரிலேயே கழன்றுகொள்ளும்.

ரப்பர் தோட்டத்துச் சரிவு நேராகவும் இறங்காது. மரம் வைக்க வெட்டிய மேடைகள் படிப்படியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் குதித்து இறங்க வேண்டும். நடுவே மழை அரித்த ஓடை, அதன்மேல் உதிர்ந்த இலை, இலைக்கடியில் என்னவென்று அந்தத் தோட்டத்துக்காரருக்கே தெரியாது. காலை எடுத்து எடுத்து ஊன்ற வேண்டிய இடத்தில் காலைக் கட்டிப்போடுவானேன்?

கே: உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயங்களில் பெரும்பாலோர் பூட்டுகிற பெடலைத்தானே போடுகிறார்கள்? அவர்களைவிட உமக்கு அதிகம் தெரியுமோ?
*– வாசகர், குலசேகரம்*

ப: தெரியாது. ஆனால் சாம் ஹில்லுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாக்காரர், 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் டவுன்ஹில் உலகச் சாம்பியன். மூன்றும் ஃபிளாட் பெடலில். பிறகு என்டூரோ பந்தயங்கள் பக்கம் போய் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை உலகத் தொடரை வென்றார். அதுவும் ஃபிளாட்டில். அதற்கு முன், 2008-இல் இத்தாலியின் வால் டி சோலேயில் நடந்த டவுன்ஹில் பந்தயத்தில், கிட்டத்தட்ட முடிவுக்கோடு தெரிகிற வளைவில் சறுக்கி விழுந்து, அப்படியும் மூன்றாவது வந்தார். எழுந்து மறுபடி மிதிக்கக் கால் உடனே கிடைத்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் ஏன் பூட்டிக்கொள்கிறார்கள்? தலையளவு பாறைகளின்மேல் அந்த வேகத்தில் போகும்போது சைக்கிள் துள்ளும். கால் பெடலைவிட்டுத் தெறிக்கக் கூடாது. அதுதான் முதல் காரணம். ‘பெடலை மேலே இழுக்கலாம், சக்தி கூடும்’ என்பதெல்லாம் இறக்கத்தில் அவ்வளவாகச் செல்லாது. 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பையில் அமெரிக்கர் ஏரன் க்வினுக்குப் புறப்பட்ட உடனே செயின் அறுந்தது. பெடலைச் சுற்றவே வழியில்லை. அப்படியே இறங்கி முதலிடம் வாங்கிக்கொண்டு போனார்! அவர் போட்டிருந்தது பூட்டுகிற பெடல். ஆக, ஆளுக்கொரு சாட்சி இருக்கிறது. மண் எப்படி என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கே: ஃபிளாட் போட்டுத்தான் ஓட்டுகிறேன். கல்லில் ஏறினால் கால் பெடலைவிட்டுத் தாவுகிறதே?
*– வாசகர், அருமனை*

ப: குதிகால் மேலே நிற்கிறது, அதனால். விரல் நுனியில் நின்று ஓட்டுகிறீர்கள். பெடல் அச்சு பாதத்தின் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும்படி வையுங்கள். குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி நில்லுங்கள். கல் இடிக்கும்போது அந்த வேகம் உங்களைப் பெடலுக்குள் அழுத்தும், வெளியே தள்ளாது. பூட்டுகிற பெடலில் தொடங்குகிறவர்கள் இதைக் கற்பதே இல்லை. பின்சக்கரத்தைத் தூக்க வேண்டுமென்றால் காலால் வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். ஃபிளாட்டில் அந்தக் குறுக்கு வழி கிடையாது. பாதத்தைச் சாய்த்துப் பெடலைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பை முன்னுக்குக் கொண்டுபோய்த்தான் தூக்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க இதையே பழகலாம்.

கே: என் அப்பா வெளுப்புக்கு முன்னால் ஹவாய் செருப்பில்தான் சைக்கிள் மிதித்து ரப்பர் வெட்டப் போகிறார். நான் மட்டும் ஷூ வாங்க வேண்டுமா?
*– வாசகர், களியல்*

ப: அப்பா பால் எடுக்கப் போகிறார், நீங்கள் பல்லை விடப் போகிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஃபிளாட் பெடலின் முகத்தில் இருக்கும் சின்ன ஆணிகள் ஷூவின் அடியில் பதிந்தால்தான் பிடி. செருப்பு அதில் பதியும், ஆனால் கால் செருப்பைவிட்டு நழுவும். கெட்டியான பிளாஸ்டிக் அடி கொண்ட ஓட்ட ஷூவும் உதவாது. தட்டையான, மெத்தென்ற ரப்பர் அடி வேண்டும். இதில் பேர்போன ஃபைவ் டென் கம்பெனி 1985-இல் பாறை ஏறுகிறவர்களுக்கு ஷூ செய்யத் தொடங்கியது. பாறையில் ஒட்டுகிற ரப்பர் பெடலிலும் ஒட்டும் என்று சைக்கிள்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2011-இல் அடிடாஸ் அதை வாங்கிவிட்டது. ஒட்டுப்பாலைக் கிலோக்கணக்கில் விற்கிற ஊரில் நின்றுகொண்டு, ஒட்டுகிற ஷூ விலையைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம்! பணம் குறைவென்றால் நல்ல ஷூவும் மலிவான பெடலும் வாங்குங்கள். மாற்றி வாங்காதீர்கள்.

கே: இடது பெடலைக் கழற்றக் கடையில் கொடுத்தேன். முறுக்கோ முறுக்கென்று முறுக்கி மரையையே தின்றுவிட்டார்கள். யார் குற்றம்?
*– வாசகர், பேச்சிப்பாறை*

ப: இடது பெடலின் மரை தலைகீழ். வலப்பக்கம் போலவே திருப்பினால் இன்னும் இறுகும். நினைவு வைக்க எளிய வழி: ஸ்பானரை மேல்பக்கமாகப் பிடித்து முன்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இரண்டும் கழலும். மாட்டுவதற்கு முன்னால் மரையில் கிரீஸ் தடவுங்கள். இந்த ஈரத்தில் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் இரும்பும் அலுமினியமும் கல்யாணம் செய்துகொள்ளும், பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் பிரியாது.

கே: சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டத்தைச் சைக்கிளில் செய்ய ஆசை. எந்தப் பெடல்?
*– வாசகர், திருநந்திக்கரை*

ப: திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், உங்கள் ஊர் நாலாவது, திற்பரப்பு மூன்றாவது. பன்னிரண்டு இடத்தில் ஷூவைக் கழற்ற வேண்டும். கிளீட் ஷூவோடு ‘டக் டக்’ என்று கல்லில் நடந்தால் ‘கோவிந்தா கோபாலா’ சத்தம்கூட அமுங்கிப்போகும். திற்பரப்பு அருவிப் பக்கத்து ஈரப்பாறையில் இரும்புக் கிளீட்டை வைத்தால் குளிக்காமலே நனைவீர்கள். ஃபிளாட்தான். ஓடுகிறவர்கள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். அவர்களுக்கு வழி விடுங்கள்.

கே: 2023 அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்ததைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. பந்தயத்துக்குப் போக வேண்டும். இப்போதாவது பூட்டிக்கொள்ளலாமா?
*– வாசகர், கடையாலுமூடு*

ப: கேரளத்தில் இருந்தாலும் பொன்முடி நமக்கு வெளியூரா என்ன? 1956 நவம்பர் வரை ஒரே மாநிலமாக இருந்தோம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற பந்தயம் இவ்வளவு பக்கத்தில் நடந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்!

கடிகாரத்தோடு போட்டி என்றால் பூட்டிப் பழகுங்கள், தப்பில்லை. ஷிமானோவில் எல்லாப் பக்கமும் கழல்கிற எஸ்.எச். 56 கிளீட்டை வாங்குங்கள். பெடலோடு வழக்கமாக வருகிற கறுப்பு எஸ்.எச். 51 பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். ஸ்பிரிங்கை ஆலன் சாவியால் முழுக்கத் தளர்த்துங்கள். கிளீட்டைக் கொஞ்சம் குதிகால் பக்கமாக இறக்கி முடுக்குங்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் புல்தரையில், மாட்டி மாட்டிக் கழற்றுங்கள். யோசிக்காமல் குதிகால் திரும்புகிற வரை மலைப்பக்கம் போகாதீர்கள். சிக்னலில் நின்று, கால் வராமல், நிற்கிற சைக்கிளோடு சாய்கிற நாள் எல்லாருக்கும் ஒன்று உண்டு. அதைப் புல்தரையிலேயே முடித்துக்கொள்வது மரியாதை.

கே: கோதையாறு மேலே காட்டுப்பாதையில் இறங்கலாமா? வழியில் ஆனை நின்றால் எந்தப் பெடல் உசிதம்?
*– வாசகர், பேச்சிப்பாறை*

ப: அது சரணாலயக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் போனால் வழக்கு. அனுமதியோடு போய் ஆனை நின்றால், காலை எந்த ஷூவிலிருந்தும் எடுத்துவிடும் சக்தி உங்களுக்குத் தானாக வரும்.

கே: மகன் காலில் எப்பவும் கீறல். பெடல் ஆணிதான் என்கிறான். இதற்குப் பூட்டுகிற பெடலே தேவலையா?
*– ஒரு அம்மா, பொன்மனை*

ப: ஆணிக் கீறல்தான் அம்மா, பொய் சொல்லவில்லை. கால் நழுவும்போது பெடல் சுழன்று முன்காலில் அடிக்கிறது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மூடுகிற காப்பு வாங்கிக் கொடுங்கள், அது போதும். அதற்காகப் பெடலை மாற்ற வேண்டாம். ஆனால் வாயையும் தாடையையும் மூடுகிற ஹெல்மெட் வைத்திருக்கிறானா என்று பாருங்கள். மழையில் ஓட்டுகிறவன் பிரேக் கட்டையை எப்போது மாற்றினான் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் முழித்தால் சைக்கிள் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுங்கள்.