சறுக்காத சறுக்குவீரர்

சுவிஸில் தமிழர் வாழும் ஊர் எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் இருப்பார். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கிழமையிலேயே ஒருவர் பெப்ரவரி மாதத்தைப் பற்றிக் கதைத்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான் ஸ்கீ அண்ணை. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதும் விடமாட்டார்.

"தம்பி, விளையாட்டு லீவுக்கு எந்த மலைக்குப் போறியள்? இன்னும் பாக்கேல்லையோ? முடிஞ்சுது. இனிக் கடன்தான் எடுக்கோணும்."

மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை. பல ஸ்கீ மலைகள் இப்போது விமானக் கம்பனிகளைப் போல நாளுக்கொரு விலை வைக்கின்றன, முந்துகிறவருக்கு மலிவு. விளையாட்டு லீவு என்கிற இந்தப் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கிழமை. சூரிச்காரர் எப்போது வருவார்கள், பேர்ண்காரர் எப்போது போவார்கள், எந்தச் சனிக்கிழமை எந்த வீதி அடைபடும் என்பதெல்லாம் அண்ணைக்கு மனப்பாடம். மனைவியின் பிறந்தநாள் மட்டும் கைபேசியில் குறித்து வைத்திருக்கிறார்.

மலையைத் தெரிவுசெய்வதில் அவருக்கு ஒரே கொள்கை: உயரம். "ஆயிரத்தைந்நூறு மீற்றருக்குக் கீழ இருக்கிறதெல்லாம் மலையில்லை, தோட்டம்" என்பார். காலநிலை சூடேறியதில் தாழ்ந்த மலைகளில் ஜனவரியிலும் மழை பெய்கிறது. பச்சைப் புல்லுக்கு நடுவே இயந்திரம் ஊதிய வெள்ளைக் கீற்று ஒன்றில் நூறு பேர் வரிசையாக இறங்குகிறார்கள். ஆகவே அண்ணையின் விரல் வரைபடத்தில் தெற்கே ஓடி, வாலிஸ் மாநிலத்தில் சாஸ்-ஃபேயில் போய் நிற்கும். ஊரே 1,800 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் வண்டியில் ஏறி, பிறகு மலைக்குள்ளே குடைந்த சுரங்கத்தில் ஓடும் ரெயிலைப் பிடித்தால் ஏறத்தாழ 3,500 மீற்றரில் பனியாற்றின் மேல் இறக்கிவிடும். மேலே சுழலும் உணவகம் ஒன்றும் உண்டு. ஊருக்குள் கார் விடமாட்டார்கள். வாசலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அல்லது குட்டி மின்சார வண்டியில் போக வேண்டும். அந்தச் சுரங்க ரெயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1984 என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், அது அவருக்குப் பொருட்டல்ல.

இத்தனையும் கேட்டவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணை, நீங்கள் எந்தப் பாதையில சறுக்குவியள்? நீலமோ, சிவப்போ, கறுப்போ?"

"எனக்கு முழங்கால் கொஞ்சம் பிழை, தம்பி."

குளிர்காலத்தில் மட்டும் பிழைக்கிற முழங்கால் அது. அதே முழங்காலோடுதான் கோடையில் தமிழர் விளையாட்டு விழாவில் கரப்பந்தாட்டத்தில் பாய்ந்து பாய்ந்து அடிக்கிறார். உண்மை என்னவென்றால் அண்ணை ஒருநாளும் ஸ்கீயில் ஏறியதில்லை. எண்பதுகளில் வந்து மலையோர ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை செய்த காலத்தில், பனியோடு அவருக்கிருந்த உறவெல்லாம் விடியற்காலையில் வாசலில் அதை அள்ளி ஒதுக்கியதுதான். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், பள்ளிக்கூடம் அவர்களை ஸ்கீ முகாமுக்குக் கூப்பிட்டது. வகுப்பே மலையில் இறங்கும்போது தன் பிள்ளை மட்டும் கீழே நிற்கக் கூடாது என்று அன்று தொடங்கிய ஆராய்ச்சி, பிள்ளைகள் வளர்ந்து தாங்களாகவே போகத் தொடங்கிய பிறகும் நிற்கவில்லை. இப்போது ஊரில் யாருடைய பிள்ளையென்றாலும் அவருக்குச் சரி.

அவருடைய திறமை முழுமையாக வெளிப்படும் இடம் வாடகைக் கடை. ஸ்கீயைச் சப்பாத்தோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டு, விழுந்தால் தானாகக் கழன்றுவிட வேண்டும்; இல்லையென்றால் கால் முறியும். எவ்வளவு இறுக்கத்தில் பூட்டுவது என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறமை எல்லாவற்றையும் பார்த்துத்தான் கடைக்காரர் தீர்மானிப்பார். இதை எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்ததே அண்ணைதான். ஆனால் கடைப் பெடியன் அவருடைய மனைவியைப் பார்த்து எடையைக் கேட்டதும் அண்ணை முந்திக்கொண்டு, மரியாதை கருதி, பதினைந்து கிலோவைக் குறைத்துச் சொன்னார். அக்காவும் திருத்தவில்லை; யார்தான் திருத்துவார்கள்? விளைவு, அக்கா காலை அசைத்தால் ஸ்கீ கழன்றது, தும்மினால் கழன்றது. கழன்ற ஸ்கீ சரிவில் தனியாகவே இறங்கிப் போக, அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அண்ணையின் பரம்பரையை அன்போடு நினைவுகூர்ந்தார்.

சாப்பாட்டு ஏற்பாடு தனி இலாகா. விடுமுறை வீடுகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகைக்கு விடுவார்கள். சாவியை வாங்கியதும் அண்ணை முதலில் இறக்குவது உடுப்புப் பெட்டியை அல்ல, பிரஷர் குக்கரை. 1,800 மீற்றரில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு போட்டால் கொதி இருக்கும், அவியல் இருக்காது. முதல் தடவை போகிற குடும்பங்கள் இதை அறியாமல் இரவு பத்து மணிக்குக் கடகடவென்று பருப்பு மென்றிருக்கின்றன. இந்த ஒரு புத்திமதிக்காகவே அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

மாலை ஐந்து மணியானால் தாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் அண்ணை அதை மொழிபெயர்த்து வாசிப்பார்: "மொத்தம் அஞ்சு படி. இண்டைக்கு மூண்டு. கணிசமான ஆபத்து. ஒருத்தரும் கவனமில்லாமல் நிக்கக்கூடாது." உண்மையில் அந்த அறிக்கை, அடையாளமிட்ட பாதையை விட்டு வெளியே போகிறவர்களுக்குத்தான். திறந்திருக்கும் பாதைகளை மலைக்காரர்களே பார்த்துப் பாதுகாக்கிறார்கள். அண்ணையின் ஆட்கள் பகல் முழுதும் நின்றதோ, நாலு வயதுப் பிள்ளைகள் ஏறுகிற உருளும் கம்பளத்தில். அங்கே இருந்த ஒரே ஆபத்து, அந்த நாலு வயதுப் பிள்ளைகள் பின்னால் வந்து மோதுவதுதான்.

இருந்தாலும் ஒன்றில் அவரைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். சுவிஸின் மற்ற மலைகளில் மீட்பு ஹெலிகொப்டருக்கு எல்லாரும் 1414 என்று அழைப்பார்கள். வாலிஸில் 144 ஐ அழைக்க வேண்டும். அதைக் கடுதாசியில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைத்துவிடுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

பகலில் அவர் எங்கே? மேலே உணவகத்தின் வெளிமுற்றத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தேநீருக்கு முன்னால். இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, "முழங்காலை மடக்கு! பாரத்தை முன்னுக்குப் போடு!" என்று தமிழில் கத்துவார். ஒருமுறை பக்கத்து மேசையிலிருந்த சுவிஸ் கிழவர் ஒருவர், இவர் ஸ்கீ பயிற்றுநரா என்று எங்களைக் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டோம்.

இந்த வருடம் மலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் உங்கள் ஊர் ஸ்கீ அண்ணையை இப்போதே பிடியுங்கள். மலை, வீடு, ரிக்கற், குக்கர் எல்லாவற்றிலும் அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். வாடகைக் கடையில் எடை கேட்கும்போது மட்டும் அவரை வெளியே நிறுத்திவிட்டு நீங்களே சொல்லுங்கள்.