யாரும் கேட்காத கணக்கு

எண்களை வைத்துப் பிழைப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மனத்துக்குள் ஒரு வரைபடம் ஓடும். டெங்கி ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுகிறது என்று கணித மாதிரி கட்டும் ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் தரவுக்குப் பஞ்சமில்லை. 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு டெங்கி கண்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அதைக் குழுமம் என்று அறிவிக்கும். பத்துப் பேரைத் தொட்டால் அங்கே தொங்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பதாகை சிவப்பாகும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது. ஆகவே எல்லை தொட்டுக்கொள்ளும் வட்டாரங்களுக்குத்தான் நோய் போகும் என்று நானே தீர்ப்பு எழுதினேன். லிட்டில் இந்தியாவிலிருந்து காலாங்குக்குப் போகலாம். மேற்குக் கோடியில் கிடக்கும் துவாசுக்கு வழியே கிடையாது.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க நிக்கிற கூட்டத்துல காலாங் ஆளு எத்தனை பேரு தம்பி?" என்றார்.

துவாஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் மத்தியில்தான் நானும் வாராவாரம் தோள் இடித்துக்கொண்டு நடக்கிறேன். கணினி முன் உட்கார்ந்ததும் அத்தனை பேரும் மறைந்துவிட்டார்கள். கொசு பறக்காவிட்டால் என்ன, காய்ச்சல் தெரியும் முன்பே கிருமியைச் சுமந்தபடி மனிதன் பெருவிரைவு ரயிலில் போகிறான். இங்கே கடிபட்டு, அலுவலகம் இருக்கும் ராஃபிள்ஸ் பிளேசுக்கு அதை நானே கொண்டுபோகலாம்.

சரி, நடமாட்டம்தான் எல்லாம் என்று அடுத்த மாதிரியை அந்தப் பக்கமாகச் சாய்த்தேன். இரண்டு இடங்களிலும் ஆள்தொகை கூடினால் போக்குவரத்து கூடும், தூரம் கூடினால் குறையும் என்ற ஈர்ப்பு மாதிரி அது. 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாட்டால் ஊரே வீட்டுக்குள் அடைந்தது. டெங்கியும் இனி அடங்கும் என்றது என் மாதிரி. அந்த ஆண்டு 35,000 பேருக்கு மேல் டெங்கி. 2013இன் பழைய உச்சம் ஏறத்தாழ 22,000தான். ஏடிஸ் பகலில் கடிக்கும், நாமும் பகலெல்லாம் வீட்டில் அதற்குத் துணையிருந்தோம். போதாக்குறைக்கு, பல ஆண்டுகளாக இங்கே பெரிதாகத் தலைகாட்டாத மூன்றாம் வகைக் கிருமியும் பரவியது. அதற்கு எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் குறைவு. டெங்கியில் நான்கு வகை உண்டு என்பதே என் மாதிரிக்குத் தெரியாது. தெரிந்த நான் அதற்குச் சொல்லித் தரவில்லை.

இப்போதைய மாதிரியில் மழை, வெப்பம், கிருமி வகை, நடமாட்டம் எல்லாம் உண்டு. ஊர் மொத்தத்துக்கும் ஏறுமா இறங்குமா என்று ஓரளவு சொல்கிறது. எந்த அடுக்குமாடி புளோக் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறது.

அண்ணன் அதைத்தான் கேட்டார்.

"எங்க புளோக்குக்கு வருமா தம்பி?"

"இருபது சதவீத வாய்ப்பு அண்ணே."

"அப்ப வராது."

"அப்படிச் சொல்ல முடியாது."

"அப்ப வரும்."

"அப்படியும் சொல்ல முடியாதுண்ணே."

"சரி, வீட்டு வாளியக் கவுத்து வச்சுடுறேன்" என்றார். அதனால் வாய்ப்பு எவ்வளவு குறையும் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கப் போய்விட்டார்.