முந்நூறடி மாமா

சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த மாமா ஒருவர் அகப்படுவார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மினசோட்டா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். நயாகராவைப் பற்றி வாயே திறக்க மாட்டார்; அது மற்ற மாமாக்களின் இலாகா. இவருடையது பனிச்சறுக்கு. அதிலும் பெரிய மலைகளை அவர் மதிப்பதேயில்லை.

"கொலராடோவுல வேல்னு ஒரு இடம். சீசன்ல ஒரு நாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டுது சார். நம்ம பக் ஹில் அப்படியா?" என்று ஆரம்பித்தால், கூட நடப்பவர்களுக்கு ஏரிக்கரையில் ஒரு சுற்று கூடிவிடும்.

அந்த 'நம்ம' பக் ஹில், மினியாபொலிஸுக்குத் தெற்கே பர்ன்ஸ்வில் என்ற புறநகரில், நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. 1954-இல் தொடங்கிய இடம். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் சுமார் 300 அடிதான் வித்தியாசம். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் ரயில் ஜன்னலில் பார்க்கிற பரங்கிமலையும் ஏறக்குறைய அதே உயரம்தான். அந்த மேட்டில் சிறுமியாகப் பழகிய லிண்ட்சி வான், 2010-இல் வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கினார். இதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் தானே பயிற்சி கொடுத்த பெருமிதம் வந்துவிடும். (கொடுத்தவர் எரிக் சைலர் என்ற ஆஸ்திரியக்காரர்.)

அளப்பை வடிகட்டிப் பார்த்தால் மாமா பேச்சில் விஷயம் இருக்கிறது. இறக்கம் குட்டை, சறுக்கினால் சட்டென்று கீழே, கயிற்றைப் பிடித்தால் சட்டென்று மேலே. பெரிய மலையில் லிஃப்டில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், இங்கே ஒரே வளைவை மறுபடி மறுபடி பழகிவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரியும் சறுக்குகிறார்கள். பெற்றவர்கள் லீவு போட வேண்டாம், ஹோட்டல் எடுக்க வேண்டாம். வானம் பொய்த்தாலும், குளிர் போதுமான அளவு இருந்தால் தண்ணீரையும் காற்றையும் இயந்திரத்தில் பீய்ச்சிப் பனி செய்துகொள்கிறார்கள். அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவையே 1934-இல் வெர்மான்ட் மாநிலத்து வுட்ஸ்டாக்கில், மாடு மேய்ந்த ஒரு மேட்டில், பழைய ஃபோர்டு மாடல் டி எஞ்சினால் ஓடியதுதான்.

மாமா சறுக்கினாரா? அதை மாமியிடம்தான் கேட்க வேண்டும்.

"குழந்தைங்க ஏறுற பெல்ட்டுல நின்னார். ஏர்போர்ட்டுல பெட்டி போற மாதிரி மேல போனார். முதல்ல கீழ வந்தது அவரோட குல்லா."

வேகத்தைக் குறைக்கப் பலகைகளின் முனைகளைச் சேர்த்து 'பீட்சா' போட வேண்டும், ஓட வேண்டுமானால் இணையாக 'ஃபிரெஞ்சு ஃபிரைஸ்' என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். மாமாவுக்குப் பீட்சா மட்டும் படிந்தது. ஐப்பசி மழையில் தெரு சேறானால் இன்றைக்கும் அப்படித்தான் காலை வைத்துப் பால் வாங்கப் போகிறார்.

ஊர் திரும்பியதிலிருந்து அவருக்கு உள்ளூரில் ஒரு மலை வேண்டும். பரங்கிமலையில் சர்ச் இருப்பதால் அதை விட்டுவிட்டார். ஆனாலும் அதன் பெருமையை விடவில்லை. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே ஏழரை மைல் கோடு அளந்துதான் இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கினார். அந்த சர்வேதான் வளர்ந்து பின்னாளில் எவரெஸ்ட்டின் உயரத்தைச் சொன்னது. "குட்டி மலை இல்லேன்னா எவரெஸ்ட்டே இல்ல சார்!"

இப்போதைய திட்டம் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையிலேயே 2019-இல் சறுக்குதளம் திறந்தார்கள். 85 மீட்டர் உயரக் கட்டடம். பனிகூட வேண்டாம், பிளாஸ்டிக் விரிப்பு போதும்.

"டென்மார்க்காரனுக்கு மலையே கிடையாது. குப்பைய வெச்சே சமாளிச்சுட்டான். பெருங்குடியில இல்லாத குப்பையா?"

"அதைத்தான் தோண்டி எடுத்துக்கிட்டு இருக்காங்களே, சார்."

"அதான் அவசரப்படாதீங்கன்னு மனு எழுதிட்டேன்" என்று சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார் மாமா. "முதல் கையெழுத்து நீங்க போடுங்க."