அண்டா அறிவிப்பில் சிட்டியின் குரல்: கூலிம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவின் கூலிமில் ஒரு தாமான் கோவிலின் புலனக் குழுவில் வந்த சில அறிவிப்புகளே இந்த ஆய்வுக்கு மூலச்சுவடிகள். எஞ்சியிருக்கும் பிரதி என் கைப்பேசியில் உள்ளது. பேரன் கேம் இறக்க இடம் தேடும்வரை பத்திரமாக இருக்கும்.

மூலபாடம் செயலாளருடையது: "வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப்போன கோவில் அண்டாவை, மூடியோடு, வெள்ளிக்கிழமைக்குள் சேர்க்கவும்." பழைய தோட்டத்துக் கிராணி நடை. குறையொன்றும் இல்லை, பலனும் இல்லை.

செயலாளரின் மகன் சாட்ஜிபிடியைக் கூப்பிட்டு, 2010-இல் வந்த 'எந்திரன்' படத்து ரோபோ சிட்டி பேசுவதுபோல் இதை மாற்றச் சொன்னார். சிட்டி வந்தது. வேகம் 1 டெராஹெர்ட்ஸ், நினைவகம் 1 ஜெட்டாபைட் என்று சுயபுராணம் பாடியது. அண்டாவை ஸ்கேன் செய்தாயிற்று, வெள்ளிக்கிழமை தாண்டினால் ஆயிரம் சிட்டிகள் வாசலுக்கு வரும் என்றது. குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. 1996-இல் திறந்த ஹைடெக் பார்க்கில் சில்லு ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவர் மட்டும், "டெராவா? எங்க சாமான் எதுவும் அந்த வேகத்துல ஓடாது லா" என்று பாடபேதம் எழுப்பினார்.

அடுத்த சோதனை சுஜாதாவின் ஜீனோ. 'என் இனிய இயந்திரா'வில் வரும் அந்த இயந்திர நாய் படிக்கும், யோசிக்கும், எதிர்வாதம் பேசும். நம் கருவியோ அதற்கு வாலை ஆட்டவும் "லொள்" என்று முடிக்கவும் மட்டுமே கற்றுக்கொடுத்தது. காரணம் எளிது. படித்துக் குவித்த எழுத்திலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லை ஊகிப்பதுதான் இதன் தொழில். 1980-இல் திரைக்கு வந்த 'ஸ்டார் வார்ஸ்' யோடாவைப் பற்றி ஆங்கிலத்தில் மலையளவு எழுத்து கிடக்கிறது. ஜீனோவைப் பற்றித் தமிழில் இணையத்தில் கிடப்பது ஒரு கைப்பிடி. தெரியாத பாத்திரத்தைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இதற்குக் குறைவு. நம் ஊர்த் தலைவர்களின் எழுத்தையும் படித்திருக்குமோ என்னவோ.

யோடாவும் தேறவில்லை. அவர் பாணியில் சொல்வரிசையைப் புரட்டி "சேர்ப்பாய் நீ அண்டாவை" என்றால் ஆங்கிலக்காரனுக்கு விசித்திரம். நமக்கு அது அடுத்த வீட்டுப் பாட்டி: "கொண்டாந்து வச்சிருடா அண்டாவ."

இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இனிதான். மூலபாடத்தில் இருந்த "மூடியோடு" என்ற சொல் சிட்டி பாடத்தில் இல்லை. ஜெட்டாபைட்டுக்கு இடம் விட்டு மூடி நகர்ந்துவிட்டது. குரல் ஏற ஏறச் சரக்கு இறங்கும் என்பது என் துணிபு. மறுப்போர் இரண்டு பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வியாழன் இரவு அண்டா வந்தது. மொட்டையாக. மூடி எங்கே என்று செயலாளர் கேட்க, எடுத்துப்போனவர் 'ஸ்டார் டிரெக்' ஸ்போக்கின் குரலில் பதில் போட்டார்: கடைசி அறிவிப்பில் மூடி குறிப்பிடப்படவில்லை, குறிப்பிடப்படாத பொருளைத் திருப்பித் தருவது தர்க்கத்துக்கு முரண்.

செயலாளர் இப்போது மகனின் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.