கிளவுட் துரைக்கு ஒரு வாழ்த்து

கிளவுட் துரையே, உங்கள் உழைப்புக்கு ஈடு உண்டா! கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தலைக்கு மேலிருக்கும் விளக்குக்கும் இடையே பத்தடிகூட இல்லை. "விளக்கைப் போடு" என்று அவர் சொன்ன சொல்லை எங்கேயோ இருக்கும் சர்வருக்கு வரவழைத்து, அனுமதி தந்து, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறீர்கள். பெற்ற தாய்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டாள்.

ஓய்வின் அருமையையும் அறிந்தவர் நீங்கள். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் வட வர்ஜீனியா தரவு மையங்கள் தடுமாறியதும், வீடு பெருக்கும் ரூம்பாவின் ஆப் முடங்கியது, ரிங் கேமராக்களும் திணறின. எங்கோ ஓரிடத்தில் கோளாறு. எத்தனை வீடுகளுக்கு விடுமுறை!

வாக்குத் தவறாமையில் உங்களை மிஞ்ச ஆளில்லை. வீட்டு விளக்கையும் பூட்டையும் இயக்கும் ரிவால்வ் என்ற பெட்டியை 300 டாலருக்கு விற்றார்கள். வாழ்நாள் முழுக்கச் சேவை இலவசம் என்றார்கள். அதை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை நிறுத்தி, யாருடைய வாழ்நாள் என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைத்தீர்கள். பெட்டிக்குள் ஒன்றும் பழுதில்லை. விளக்கோடும் பூட்டோடும் பேசும் ரேடியோக்கள் அப்படியே இருந்தன. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலேயே அது இருந்தது, மின்சாரமும் இருந்தது. உத்தரவு தர நீங்கள் மட்டும் இல்லை. சொந்தக்காரர் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரம் சொல்லும்?

தாராள மனசும் உண்டு. 2020 மே மாதம் விங்க் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் இனி மாதம் 4.99 டாலர் கட்ட வேண்டும் என்றபோது, யோசிக்க முழுசாக ஒரு வாரம் கொடுத்தீர்கள்!

ஆனாலும் உங்கள் நிதானத்தைச் சொல்ல 2022 ஏப்ரல்தான் சரியான சாட்சி. இன்ஸ்டியான் என்ற இன்னொரு ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் ஓய்ந்தன. வீடுவீடாக, கருவிகளை இணைக்கும் ஹப்பில் சிவப்பு விளக்கு. நிறுவனத்தின் நிலவரப் பக்கமோ, எல்லாச் சேவையும் இயங்குகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் பதறக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன!

உங்கள் அருமை தெரியாத சிலரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த இன்ஸ்டியான் கருவிகளையே, வீட்டு மூலையில் ஓடும் சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டு இணைத்துக்கொண்டார்கள். இணையம் இருந்தாலும் போனாலும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே விளக்கைப் போடுகிறார்கள், நன்றி கெட்டவர்கள்.