இன்னும் ஜப்பானிலிருந்து திரும்பாதவர்

நண்பர் கம்பெனி செலவில் பத்து நாள் பயிற்சிக்காக நகோயா போனார். அது ஆயிற்று ஏழெட்டு வருஷம். இன்னும் திரும்பி வந்தபாடில்லை. உடம்பு மட்டும் குரோம்பேட்டையில் இருக்கிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் வந்து இறங்கியதிலிருந்து சென்னையில் இந்த இனம் பெருகிவிட்டது. அடையாளம் காண்பது சுலபம். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். நாம் அதை வாங்கிப் படிக்காமல் சட்டைப்பையில் செருகினால் முகம் சுண்டிப்போகும். கல்யாண மண்டபத்தில் செருப்பைக் கழற்றியதும் குனிந்து அதை வாசல் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். (திருடுகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?) மேனேஜரோடு போனில் பேசும்போதும் இடுப்பு தானாக வளையும். தாம்பரம் லோக்கல் ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், 2017இல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு ரயில் கம்பெனி மன்னிப்புக் கேட்ட கதையைப் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் நம்மவர் எடுத்துச் சொல்வார். கதை நிஜம்தான். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் ஆபீசுக்கு லேட் என்பதும் நிஜம்தான்.

“நிஜமான சுஷி எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டறேன் வாடா” என்று ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கிளப்பினார். செலவு ஆளுக்குப் பாதி என்பதை லிஃப்டில்தான் சொன்னார்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு சந்து. மாடியில் கடை. வெளியே பெயர்ப்பலகை கிடையாது, அதுதான் ஸ்டைலாம். உள்ளே கறுப்புச் சுவர், மூங்கில் தடுப்பு, நெஞ்சுக்கூட்டைத் தட்டிப் பார்க்கும் இசை. வெளிச்சம் எவ்வளவு என்றால், மெனு கார்டைப் படிக்க எல்லா மேஜையிலும் செல்போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் நுழைந்ததும் ஊழியர்கள் கோரஸாக “இராஷ்ஷாய்மாசே!” என்று கத்தினார்கள். ஜப்பானில் இதற்கு வாடிக்கையாளர் யாரும் பதில் சொல்வதில்லை, பேசாமல் போய் உட்காருவார்கள். நண்பர் நின்று, குனிந்து, கடைக்கோடியில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தவர் வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தார். வாசல் பக்க மேஜையில் நிஜமாகவே ஜப்பானியர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பதினைந்து டிகிரி. அவர்கள் திடுக்கிட்டுப் பாதி எழுந்து பதிலுக்குக் குனிந்தார்கள்.

ஆர்டர் எடுக்க வந்த பையன் மணிப்பூர்க்காரன். நண்பர் அவனிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணா, வெஜ்ஜா நான்வெஜ்ஜா?” என்றான். சுத்தமான சென்னைத் தமிழ்.

சாப்பாடு வருவதற்குள் பாடம் தொடங்கியது. சாதத்தை சோயாவில் முக்கக் கூடாது. திருப்பிப் பிடித்து மீன் பக்கத்தை மட்டும் தொட வேண்டும். வஸாபியை சோயாவில் போட்டுக் கலக்குவது பாவம். இஞ்சி, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நாக்கைக் கழுவிக்கொள்ள. ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள அல்ல. குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் கைமாற்றக் கூடாது, அது எரித்த எலும்பைப் பொறுக்கும் சாவுச் சடங்கு. இதெல்லாம் சரியான தகவல்தான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் பசித்தவனிடம் எலும்பு பொறுக்குவதைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

கடைசியில் வந்தது. மரப் படகு ஒன்றில், உலர்பனிப் புகை சூழ, சாமி புறப்பாடு மாதிரி இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். புகை அடங்கியதும் பார்த்தால் படகில் பயணிகள் குறைவு. மூலைக்கு மூலை ஒன்றாக, சந்தன வில்லை அளவுச் சாதக் கட்டிகள்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு மீன் துண்டு. மீனுக்குக் கீழே விளக்கைக் காட்டினால் மறுபக்கம் தெரியும்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். சாதம் ஜில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தது. பருக்கை விறைத்து, பல்லில் நறநறத்தது. சுஷியில் வித்தை முழுவதும் அந்தச் சாதத்தில்தான் இருக்கிறது. வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்து, விசிறி ஆற்றி, உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட வைத்துப் பிடிக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவரே நண்பர்தான். ஞாபகப்படுத்தினேன்.

“மெட்ராஸ் வெயிலுக்கு அட்ஜஸ்ட் பண்ணியிருக்காங்கடா. இதுதான் அவங்க நுணுக்கம்.”

வஸாபி, டியூபிலிருந்து பிதுக்கிய பச்சை. நிஜ வஸாபி ஒரு கிழங்கு. துருவிய சில நிமிஷங்களிலேயே மணம் போய்விடும், விலையும் அதிகம். அதனால் உலகெங்கும் பெரும்பாலான கடைகளில் கிடைப்பது குதிரைமுள்ளங்கியும் கடுகும் சாயமும்தான். நண்பர் அதை முகர்ந்து கண்ணை மூடி, “மலை ஓடைத் தண்ணியில வளர்றது” என்றார். சால்மனில் ருசி என்று ஒன்றும் இல்லை. “பாரம்பரியமே அதான், அடக்கம்” என்றார். சால்மனைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் ஜப்பானில் பரவியதே 1980களில் நார்வேக்காரர்கள் மீன் விற்க அலைந்ததற்குப் பிறகுதான் என்றேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நகோயாவுக்கு நார்வே வழியாகப் போனவனைப் பார்ப்பதுபோல.

முட்டைத் துண்டு வந்தபோது, ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’ என்ற 2011 ஆவணப்படத்தில் ஒரு சீடர் முட்டை ஆம்லெட்டைத் திரும்பத் திரும்பச் செய்து, குரு கடைசியில் தலையசைத்ததும் அழுததை விவரித்தார். சொல்லும்போது நண்பருக்கே கண் கலங்கியது. என் வாயிலிருந்தது நேற்றைய ஆம்லெட். எனக்கும் கலங்கியது.

அடுத்து உருளை. உள்ளே கிரீம் சீஸ், மேலே மயோனைஸ், அதன் மேல் பஜ்ஜித் தூள், சுற்றிலும் சிவப்பாக ஒரு சாஸ். இதையாவது குறை சொல்வார் என்று காத்திருந்தேன். “ஃப்யூஷன்!” என்று கைதட்டினார். அவருடைய வேதாந்தம் அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஜப்பான் சாப்பாட்டில் குறை இருக்க முடியாது. இருப்பதாகப் பட்டால் அது சாப்பிடுகிறவன் நாக்கில் இருக்கிறது. இத்தனைக்கும் இன்று நாம் பார்க்கும் சுஷி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்துத் தெருக்கடைகளில் வேலைக்காரர்கள் நின்றபடி கையால் எடுத்து விழுங்கிவிட்டுப் போன பண்டம். 1958இல் ஒசாகாவில் ஒருவர் அதைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றிச் சுற்றவே விட்டுவிட்டார், சாதாரண ஜனங்களுக்கு மலிவாகக் கிடைக்கட்டும் என்று. அதற்குப் போய் இவ்வளவு இருட்டு, இவ்வளவு புகை.

பில் 6,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதில் சேவைக் கட்டணமும் உண்டு. மற்ற ஹோட்டல்களில் இந்த வரியைக் கண்டால் நண்பர் விடமாட்டார். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று வெளியிட்ட நெறிமுறையை செல்போனில் திறந்து காட்டிச் சண்டை போடுவார். ஒரு மெஸ்ஸில் இதற்காக முதலாளியை வீட்டிலிருந்து வரவழைத்தவர். இங்கே கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். சூப்பர்வைசர் வந்து “எப்படி இருந்தது சார்?” என்றதற்கு, எழுந்து நின்று வயிற்றைத் தடவிக் காட்டினார்.

மெஷின் சிக்னல் தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாசல் பக்கம் பார்த்தேன். ஜப்பானியர் இருவரும் ஸ்பூனால் எதையோ மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையனிடம் என்னவென்று கேட்டேன்.

“கறி ரைஸ்ணா. சிக்கன் ஃப்ரை, லெமன் சோடா. வெள்ளிக்கிழமை தவறாம வருவாங்க.”

“சுஷி?”

“இதுவரைக்கும் கேட்டதே இல்லண்ணா.”

நண்பர் காதில் அது விழுந்துவிட்டது. அவர்களைப் பரிவோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாவம்டா. இந்தியா வந்து ரொம்ப வருஷம் ஆயிருக்கும். நாக்கு கெட்டுப்போச்சு.”