கக்கூஸுக்கு ஒரு சான்றிதழ்

கிறைஸ்ட்சர்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

பாளையங்கோட்டை மாமா குடும்ப வாட்ஸ்அப்பில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு வேல போயிட்டோ? ரோட்டோரத்துல படுத்துக் கெடக்கான்" என்று போட்டதாகவும், அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை என்றும் அக்கா சொன்னாள். போனில் விளக்க ஆரம்பித்தால் அம்மா பாதியிலேயே அழுதுவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டும்போது இடம் பார்த்து விட்டுவிட்டு வாசியுங்கள்.

வேலை போகவில்லை. வாடகை பாக்கியும் இல்லை. அந்தக் கூடாரத்தில் நான் காசு கொடுத்துத்தான் படுத்திருந்தேன். இங்கே வீடு வாசலோடு நன்றாக இருக்கிறவர்களே வருஷத்தில் சில நாள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய், கல்லும் ஈரமுமாக ஓர் இடம் பார்த்துப் படுக்கிறார்கள். வைத்தாங்கி நாள் விடுமுறையோடு லீவு சேர்த்துக்கொண்டு நாங்களும் போனோம். மதுரைக்காரன், கோட்டயத்து நர்ஸ் தம்பி, யாழ்ப்பாணத்து அண்ணன், நான். தெற்குத் தீவின் மேற்குக் கரையோரமாக ஹாஸ்ட் வரைக்கும். ஓட்டலில் தங்கினால் ஆளுக்கு ஒரு மாதச் சேமிப்பு போய்விடும் என்று மதுரைக்காரன் கணக்குப் போட்டுக் காட்டினான். அவன் கணக்கு எப்போதுமே நம்மைச் செலவுக்குள் தள்ளுகிற கணக்கு.

அவனிடம் ஒரு பழைய ஹைஏஸ் வேன் இருக்கிறது. பின்னால் பலகை அடித்துக் கட்டில் போட்டிருக்கிறான். அதை ஓட்டிப்போய்ப் பிடித்த கடற்கரையில் நிறுத்திப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்போதுதான் கக்கூஸ் கதை தொடங்கியது.

முன்பெல்லாம் கண்ட இடத்தில் வேனை நிறுத்திப் படுத்தவர்கள், காலையில் கண்ட புதரில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கொதித்துப்போய்ச் சண்டை போட்டதில் 2023-ல் புதுச் சட்டம் வந்தது. ஊராட்சி இடத்தில் இலவசமாக வேனில் படுக்க வேண்டுமானால், பொதுவாக வேனுக்குள்ளேயே கக்கூஸ் இருக்க வேண்டும். கையில் தூக்கிப்போகிற டப்பா செல்லாது. வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். ஆளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர், கழிவுநீருக்குத் தனித் தொட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டி. இதையெல்லாம் பரிசோதித்துப் பச்சைச் சீட்டு ஒன்று தருவார்கள். இந்த ஏற்பாட்டை மேற்பார்வையிடுவது போக்குவரத்துத் துறை என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, பிளம்பர்கள் வாரியம். சீட்டு இல்லாமல் படுத்துப் பிடிபட்டால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

சரி, மாட்டிவிடலாம் என்றான் மதுரைக்காரன். மாட்டினான், போல்ட் போட்டு. பரிசோதிக்க வந்தவர் நல்ல மனிதர். சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, "கட்டிலை விரி" என்றார். விரித்தான். கக்கூஸ் கட்டிலுக்கு அடியில் காணாமல் போயிற்று. "இப்போது உபயோகித்துக் காட்டு" என்றார்.

அப்பா, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கட்டில் விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். உட்காருகிறவரின் தலைக்கும் முழங்கைக்கும் போதிய இடம் இருக்க வேண்டும். நான் கால்சட்டையோடுதான் உட்கார்ந்து காட்டினேன், அம்மாவிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உயரமானவன் உட்கார்ந்தால்தான் பரிசோதனை நியாயமாக இருக்கும் என்று மதுரைக்காரன் என்னை இழுத்து விட்டுவிட்டான். தலைக்கு இடம் இருந்தது, முழங்கைக்கு இல்லை. அவர் வெகு பொறுமையாக, "கைகளை இயல்பாக அசைத்துப் பார்" என்றார். அந்த இடத்தில் உட்கார்ந்து கைகளை எப்படி இயல்பாக அசைப்பது என்று உங்கள் இன்ஜினியரிங் காலேஜ் செலவில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அசைத்தேன். பலகையில் இடித்தது. "ஓர் அங்குலம் வெட்டு" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வெட்டினோம். மறுபடி வந்தார். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி அசைத்தேன். சீட்டு கிடைத்தது, நான்கு வருஷத்துக்குச் செல்லும்.

முன் கண்ணாடியில் ஒட்டின பிறகுதான் யாழ்ப்பாணத்து அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். எத்தனை பேர் படுக்கலாம் என்ற கட்டத்தில் "2" என்றிருந்தது.

நாங்கள் நான்கு பேர். ஆகவே இரண்டு பேருக்குக் கூடாரம். கூடாரம் என்றால் இலவச இடம் ஒத்துவராது, வனத்துறை மாதிரி இங்கே ஒரு துறை நடத்துகிற முகாம் மைதானங்களில் கட்டணம் கட்டித்தான் அடிக்க வேண்டும். அங்கெல்லாம் அவர்களே கக்கூஸ் கட்டி வைத்திருக்கிறார்கள். கிளம்பின நாளிலிருந்து திரும்பின நாள் வரை எங்கள் சான்றிதழ் பெற்ற கக்கூஸில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் பிரயாணம் செய்தன. புத்தம் புதிதுதான், சுத்தமானதுதான். இருந்தாலும் இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

வழியில் 920 மீட்டர் உயரத்தில் ஆர்தர்ஸ் பாஸ் என்றொரு கணவாய். அங்கே கியா என்று ஒரு மலைக்கிளி. நம்மைத் தலை சாய்த்துப் பார்க்கிற பார்வையிலேயே நமக்கு விலை போட்டுவிடுகிறது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வேன் கதவு ரப்பரை ஒரு முழம் உருவிவிட்டது. கணவாய் தாண்டினால் மழை. ஹொக்கிட்டிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 2,900 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. அன்று அதில் ஒரு பகுதி கூடாரத்துக்குள்ளும் பெய்தது. ஓகாரிட்டோ என்று கடலோரக் குக்கிராமம், முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். 1985-ல் புக்கர் பரிசு வாங்கிய கெரி ஹ்யூம் அங்கேதான் வெகுகாலம் வாழ்ந்தாராம். அக்காவிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். 1642-ல் டாஸ்மான் இந்தப் பக்கத்துக் கரையைத்தான் முதலில் கண்டார். கண்டவர் இறங்காமலே போய்விட்டார். காரணம் எனக்குப் பரிங்கா ஏரிக்கரையில் புரிந்தது, பிறகு சொல்கிறேன்.

யார் வேனில், யார் கூடாரத்தில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். யாழ்ப்பாணத்து அண்ணனுக்குக் கூடாரம் விழுந்தது. சீட்டை மடித்து என் கையில் கொடுத்து, "எனக்குக் கூடாரம் வேண்டாமடா தம்பி. மெனிக் பாமில படுத்தது காணும்" என்றார். 2009-ல் வவுனியாப் பக்கம் முள்வேலிக்குள் லட்சக்கணக்கான பேரை அடைத்து வைத்தார்களே, அந்த முகாம். அதுவரை கூடார நகைச்சுவையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் கம்மென்று ஆகிவிட்டோம். அவரே, "அரிசி கழுவுங்கோ, நேரமாகுது" என்றார். அதற்கப்புறம் சீட்டுக் குலுக்கவில்லை. அவருக்கு வேன். வண்டிக்காரன் என்ற உரிமையில் மதுரைக்காரனுக்கும் வேன். நர்ஸ் தம்பியும் நானும் கூடாரம். மாமா பார்த்த படம் அதுதான்.

பரிங்கா. இங்கே சேண்ட்ஃபிளை என்று ஒரு பூச்சி, கடுகளவு இருக்கும். பெண் பூச்சி மட்டும்தான் கடிக்கும். நடந்துகொண்டே இருந்தால் விட்டுவிடும், நின்றால் தொலைந்தோம். அதனால் நான்கு பேரும் கையில் தட்டுடன் ஏரிக்கரையில் மேலும் கீழும் நடந்தபடியே புளியோதரை சாப்பிட்டோம். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள். அழகான இடத்தில் மனிதர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாதென்று ஒரு தெய்வமே இந்தப் பூச்சியை ஏவிவிட்டதாக மாவோரிகள் கதை சொல்கிறார்கள். தெய்வத்தின் திட்டம் என் கணுக்காலில் முழு வெற்றி. இருட்டின பிறகுதான் உட்கார முடிந்தது.

இனி உங்களுக்காக. இந்த ரோட்டில் ஒருவழிப் பாலங்கள் எக்கச்சக்கம். வாசலில் பலகை இருக்கும். சின்னச் சிவப்பு அம்பு நம் பக்கம் என்றால் நாம்தான் நிற்க வேண்டும். ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் எழுநூறு மீட்டருக்கு மேல் நீளம், அதுவும் ஒற்றை வழி, ஒதுங்குவதற்கு நடுநடுவே அகலப்படுத்தி விட்டிருக்கிறார்கள். எதிரே வந்த பால் டேங்கர் லாரி அங்கே எங்களுக்காக ஒதுங்கி நின்றது, அப்பா! ஹாரன் அடிக்கவில்லை. நான் பதிலுக்குக் கும்பிடு போட்டேன். கடற்கரை ரோட்டின் கடைசித் துண்டு 1965-ல்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் திறந்துவைத்த இடத்துக்கு நைட்ஸ் பாயின்ட் என்று பெயர். நைட் என்பது சர்வே செய்தவரின் நாய். முப்பத்து நாலு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் வெயிலில் நின்ற உங்கள் பெயரில் ஒரு கல்வெட்டுக்கூட இல்லை, பாருங்கள்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தோம். பெட்ரோல், கக்கூஸ், பரிசோதனைக் கட்டணம், கூடாரம், பூச்சிக்கு வாங்கிய எண்ணெய், கதவு ரப்பர். ஓட்டலில் தங்கியிருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று நர்ஸ் தம்பி சொன்னான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மதுரைக்காரன் இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. பூச்சிக்கடி வாங்கக் கேட்ட லீவை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரக் கேட்டதைக் கொடுக்கவில்லை. கோடைகாலத்தில் ஆள் பற்றாது என்றார்கள். டிக்கெட்டும் அப்போது இரண்டு பங்கு. ஆகஸ்டில் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், கிடைத்ததும் நானே சொல்கிறேன்.

பார்சல் அனுப்பினால் பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் போதும், மேலே பட்டியலைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். தேன் வைக்க வேண்டாம், இங்கே உள்ளே விடமாட்டார்கள். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பேப்பரில் சுருட்டிப் புடவைக்குள் ஒளித்து அனுப்புகிற யோசனையை அம்மா அடியோடு கைவிட வேண்டும்.

மாமாவுக்கு நானே போன் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்